வடக்குக் குறி

என்னிடம் ஏழு சாவிகள்.
இரண்டு கதவுகளுக்குச் சாவி தேவையில்லை,
தள்ளினாலே திறக்கும். அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கிளிநொச்சியில், பெருந்தெருவிலிருந்து உள்ளே திரும்பி
மூன்றாவது வேகத்தடை தாண்டினால்
கட்டடக்கலைக் கல்லூரியின் ஆய்வுகூடங்கள்.
முதலாவது, கல் நசிக்கிற அறை.
சீமெந்துக் கல்லை இரும்புத் தாடைக்குள் வைத்து
எவ்வளவு தாங்குவாய் என்று
உடையும்வரை கேட்பார்கள்.
உடைந்ததை அள்ளுவது என் வேலை.

அடுத்தது காற்றறை.
"தென்மேல் காற்று, வினாடிக்கு நான்கு மீற்றர்" என்பார் கலாநிதி.
நான் சோளகத்தைப் போட்டுவிடுவேன்.
வரைபட அறையில் தாள்களுக்காகக் குளிரூட்டி உண்டு.
மத்தியானச் சோறு எனக்கு அங்கேதான்.

கடைசி அறையில் சூரியன்.
வளைந்த தண்டில் ஒரு விளக்கு.
மாதத்துக்கு ஒரு கைப்பிடி, மணிக்கு ஒன்று.
கீழே மேசையில் வீட்டின் மாதிரியை வைத்தால்
எந்தச் சுவர் எப்போது வேகும் என்று தெரியும்.
ஒருநாள் சித்திரை மாதம் மூன்று மணிக்கு
மின்சாரம் போய்
மேசையிலிருந்த ஐந்து வீடும் இருண்டன.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நிதுர்ஷனா தன் வீட்டையே கொண்டுவந்தாள்.
புளியம்பொக்கணை. திட்டத்து வீடு.
ஐந்நூற்றைம்பது சதுர அடி, எல்லாருக்கும் ஒரே வரைபடம்.
மட்டைச் சுவர், கழற்றக்கூடிய கூரை,
மூலையில் ஒட்டிய சின்ன அம்பு, அதுதான் வடக்கு.
ஒழுங்கையில் மற்ற வீடுகளெல்லாம் நேராய் நிற்க
இவளுடையது மட்டும் இடுப்பை ஒடித்து
மேற்கு வெயிலைக் குசினிக்குள் கூப்பிட்டுக்கொண்டு நின்றது.
முப்பது பாகை திருப்பிப் பார்த்தாள்.
சுவரில் வெயில் பாதியாய்க் குறைந்தது.
அறிக்கையில் எழுதினாள்:
காரணம், மேசனின் பிழை.

உதவிப்பணப் படிவத்தில் கையெழுத்து வைக்க
தாய் இராசமலர் வந்தா.
ஆடைத்தொழிற்சாலைச் சீருடையோடு, அரைநாள் லீவில்.
மாதிரியைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்துவிட்டு
"கிணறு எங்க?" என்றா.
"அது இதுக்குள்ள வராது அம்மா."
பிறகு அறிக்கையை எடுத்து வாசித்தா.

"மேசன்ர பிழையோ?
அவன் பாவம், அரைவாசிக் கூலிதான் வாங்கினவன்.
நாங்கள் வந்த நேரம் அந்தப் பக்கம் மிதிவெடி எடுத்து முடியேல்ல.
சிவப்புத் தடி இதால போனது."
சுட்டுவிரலை மேசைமேல் இழுத்துக் காட்டினா,
குசினிக்கு ஒரு சாண் தள்ளி, சரிவாய்.
"தடியைப் பாத்துத்தான் நூல் பிடிச்சது.
எட்டு மாசத்தால அந்தத் துண்டையும் தந்தவங்கள்.
அதுக்குள்ள சுவர் யன்னல் மட்டத்துக்கு எழும்பிட்டுது.
இடிக்கச் சொல்லுறியோ?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வைகாசி, நாலரை மணி.
தாய் போன பிறகு அவள் என்னைக் கேட்டாள்:
"அண்ணா, இந்த மெசினில அதுக்கும் ஒரு கைப்பிடி இருக்கோ?"
வரைபட அறையைத் திறந்துவிட்டேன்.
இலாச்சிகளில் வீடு, கோவில், பள்ளிக்கூடம், குளக்கட்டு.
தடி போன வழி ஒன்றிலும் இல்லை.
பின்னேரம்வரை தேடினாள், குளிருது என்று சொல்லிக்கொண்டு.

மறுநாள் ஒரு தீப்பெட்டியோடு வந்தாள்.
சூரிய அறைச் சுவரில் ஒன்பதாம் விதி
கொட்டை எழுத்தில் இருக்கிறது:
தீப்பற்றும் பொருள் கொண்டுவரக் கூடாது.
எழுதி ஒட்டியதே நான்தான்.

சிவந்த தலை மேலே தெரிய
ஒவ்வொரு குச்சியாய் மேசைப் பலகையில் நட்டாள்,
தாயின் விரல் போன கோட்டில்.
முப்பத்தேழு குச்சி. ஒன்று கோணல், பிடுங்கித் திரும்ப நட்டாள்.
அம்பைத் தொடவில்லை.
அறிக்கையில் "மேசனின்" என்ற சொல்லை மட்டும் வெட்டியிருந்தாள்.
"காரணம்" "பிழை" இரண்டும்
நடுவில் இடம்விட்டுக் கிடந்தன.

பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்தவர்
மாதிரியைப் பார்க்குமுன் என்னைத்தான் பார்த்தார்.
"நீங்கள் ஏன் மணல் வாளியோட நிக்கிறியள்?"
"விதி ஒன்பது, சேர்" என்றேன்.
அவள் கைப்பிடியைத் திருப்பினாள்.
நாலரை மணிக்கு
குச்சிகளின் நிழல் குசினிச் சுவரில் ஏறியது.
நான் வாளியைக் கீழே வைக்கவில்லை.