பற்றறி மாற்றிய மத்தியானம்

இருபத்தாறு மீற்றரில் அது மினுங்கியது,
திரையின் மூலையில், அரைப்பெட்டியாக.
எடுக்கக் குனிந்த அட்டையை விட்டுவிட்டு
அதையே பார்த்தேன்.

பிழை என்னில்தான்.
இரவுத் தொழிலில் நிமிடத்துக்கொரு தரம்
திரைக்கு வெளிச்சம் போடுகிறவன் நான்.
மச்சான் ஒஸ்லோவிலிருந்து, தான் பாவித்ததைத்தான் அனுப்பினான்.
கூட வந்த புத்தகம் பதினொரு மொழியில்,
எங்கட மொழி இல்லை.

பிறகு அந்த மார்கழி.
கழுவாமல் பையில் எறிந்துவிட்டுப் படுத்தேன்.
இரண்டு முனைக்கும் நடுவில் உப்பு ஈரம் இருந்தால்
இது தன்னைக் கடலுக்குள் என்றே நினைக்குமாம்.
விடிய எடுத்துப் பார்த்தால்
பையின் இருட்டில் இரா முழுக்க விழித்திருக்கிறது,
மேலே வரச்சொல்ல ஆளில்லாமல்.

அதன்பிறகு நல்ல தண்ணீரில் குளிப்பு.
குருநகரில் எங்கள் கிணறு உவர்.
பவுசரில் வாங்குவதில் அரைச் சட்டி
இதற்குப் போகிறது.
"குடிக்கிறதுக்கு அளந்து வாக்கிறம்,
உங்கட மணிக்கூடு முழுகுது" என்பாள் றெஜினா.

கஸ்தூரியார் வீதியில், நகைக்கடைகளுக்கு இடையில்
ஓராள் அகலக் கடை.
யசோதினி மூடியைக் குத்திக்காசால் திருகினாள்.
கறுப்பு வளையத்தை வழித்தெடுத்து
லாம்புக்கு நேரே பிடித்தாள்.
"மயிர் ஒண்டு கிடக்குது அண்ணை.
இது போதும், கடல் உள்ளுக்கு வர."
துடைத்தாள். கடுகளவு சிலிக்கோன் கிறீசை
விரலில் தேய்த்து வளையத்தைச் சுற்றி உருட்டினாள்.
மெல்லிசு சரிவராது, தடிச்ச பற்றறி வேணும் என்று
மூன்று லாச்சி தேடினாள்.
ஆயிரத்து நூறு ரூபா.
திரை கண் திறந்தது. முழுப்பெட்டி.

மற்றதெல்லாம் பூச்சியம்.

காலையில் இறங்கிய இரண்டு முறையும் இல்லை.
நாற்பத்தொரு நிமிடம் இல்லை.
ஐந்து மீற்றரில் கயிற்றைப் பிடித்தபடி
நான் எண்ணிய மூன்று நிமிடமும் இல்லை.
நைதரசனோ என் தோள்மூட்டில்,
முழங்கால் மடிப்பில்,
திறக்காத சோடாப் போத்தலில் போல
சத்தமில்லாமல் இருக்கிறது.

சம்மாட்டி பொனிபஸ் கோல் எடுத்தார்.
"மூண்டு மணிக்கு வள்ளம். மிசின் என்ன சொல்லுது?"

இருபத்தாறு மீற்றர், பதினெட்டு நிமிடம், தடையில்லை
என்று சொல்லுது.
அதில் ஒரு பொய்யும் இல்லை.
எல்லாம் மறந்துபோன சாட்சி
எப்படிப் பொய் சொல்லும்?

அன்ரன்ராசின் இடது கால் நினைவுக்கு வந்தது.
அது இப்போதும் படலை வரைக்கும்தான் வரும்.

"பற்றறி இல்லையாம் சம்மாட்டி" என்றேன்.
"கொழும்பில இருந்து வரவேணுமாம்."
யசோதினி நிமிர்ந்து பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல் பற்றுச்சீட்டு எழுதினாள்.

ஒரு பின்னேரத்து அட்டைக்காசு போச்சு.
அது சின்னக் காசில்லை.
வீட்டில் சுவரோரம் படுத்து
மணித்தியாலங்களை நானே கழித்தேன்,
விரல் மடக்கி, மூன்றாம் வகுப்புக் கணக்கைப் போல.
இடையில் தோள் ஒருக்கால் கடித்தது.
நுளம்பாகவும் இருக்கலாம்.

பொழுதுபட றெஜினா அரைச் சட்டித் தண்ணீரோடு வந்தாள்.
மிசினின் பொத்தானை அமத்தி அமத்திப் பார்த்தாள்.
"இதுக்கேன் இண்டைக்கு முழுக்கு?
கடலையே தெரியாதெண்டெல்லோ சொல்லுது."

தண்ணீரைச் செம்பில் வார்த்து
என்னிடம் நீட்டினாள்.