பதினைந்தாம் மாதம்

டண்டினோங்கில் அன்று மழை இல்லை.
வரப்போகிறேன் என்று சொல்லும் குளிர் மட்டும்.
குர்பானின் ரயர் கடைக்குள்
என் பழைய சுவிஃப்ட்
நாலு காலும் அந்தரத்தில் தொங்க,
ஊசி போடத் தூக்கிய ஆட்டுக்குட்டி மாதிரி
எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

இருபது சதக் காசை முன்ரயரின் வரிக்குள் வைத்துக் காட்டினான்.
காசிலிருந்த பிளாட்டிபஸின்
அலகுகூட நனையவில்லை.

"நூற்று எண்பத்தைந்து, அறுபது, பதினைந்து" என்றான்
என் பெயரைக் கேட்காமலே.

இரண்டை உருட்டிக்கொண்டு வந்தான்.
ஒன்று எண்பத்தைந்து டொலர்.
மற்றது நூற்றிருபது:
தெருவோடு மல்லுக்கட்டாதாம், இலேசாக உருளுமாம்,
பெற்றோல் மிச்சமாம்.

எவ்வளவு மிச்சம்?

நூறு கிலோமீற்றருக்கு
ஒரு பிளேன்ரீ அளவு.

நான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன்.
ஸ்பிரிங்வேல், நோபிள் பார்க், கீஸ்பறோ,
வாரம் அறுநூறு கிலோமீற்றர்
பிறத்தியாரின் பசி ஆறிப்போகாமல்.
பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
வருசம் முப்பதாயிரம். அறுபது லீற்றர் மிச்சம்.
லீற்றர் ஒன்று தொண்ணூறு என்றால்
நூற்றுப் பதினாலு டொலர்.
நாலு ரயருக்கும் கூடக் கொடுப்பது நூற்று நாற்பது.
போன காசு வீடு திரும்பப்
பதினைந்து மாதம்.

என் விசாவில் ஐந்து மாதமும் சொச்சமும் கிடக்கிறது.
ஆறு ஆறு மாதமாய்
இந்த நாட்டில் பன்னிரண்டு வருசம் இருந்திருக்கிறேன்.
பதினைந்து மாதம்
ஒருமுறைகூட இருந்ததில்லை.
கத்தரிக்கன்று வைப்பேன்.
எலுமிச்சை வைத்ததில்லை.

மரியநேசனுக்குப் போன் எடுத்தேன்.
இப்போது ஒரே அறை, அப்போது ஒரே படகு.
இறைச்சித் தொழிற்சாலையின் வாள் சத்தத்துக்கு மேலால் கத்தினான்:
"விசரே உனக்கு? காத்தை ஒழுங்கா அடி,
அதிலயே அரைவாசி மிச்சம் வரும்.
மலிவைப் போடு.
ரயர் தேயமுந்தி எங்களைத் தேய்ச்சுப்போடுவாங்கள்."

குர்பான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.
அவசரப்படுத்தவில்லை.
நான் குந்தியிருந்து நூற்றிருபதின் விலாவைத் தடவினேன்.
நாலு இலக்கம் தட்டுப்பட்டது.
பதினெட்டாம் கிழமை, இருபத்துநாலாம் ஆண்டு:
அது பிறந்த நேரம் என்றான்.
எனக்கும் முன்பொருக்கால்
மூன்று எழுத்தும் மூன்று இலக்கமும்தான் பெயர்.
காலையில் அதைச் சொல்லித்தான் எண்ணுவார்கள்.

"இதைப் போடு" என்றேன்.
சொன்ன குரல் யாருடையதென்று
கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

முதல் டாங்கி முடிந்தபோது
மீற்றர் காட்டியது ஆறு தசம் நாலு.
மொட்டை ரயரிலேயே ஆறு தசம் இரண்டுதானே!
வயிறெரிய, போய்ச் சண்டை பிடித்தேன்.

அவன் சிரித்தான்.
மொட்டை எப்பவும் இலேசாகத்தான் ஓடும், நண்பா.
அதற்குத் தெருவைப் பிடிக்க
என்ன இருக்கிறது?
புதிது பிடிக்கும்.
பிடிக்கிறது கொஞ்சம் இழுக்கவும் செய்யும்.
ஆயிரம் ஓடட்டும், பொறு.

அன்றிரவு செல்தம் வீதிச் சந்தியில்
பேய் மழை.
திடீரென்று சிவப்பு.
மிதித்தேன்.
கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது கார்.
ஒரு பெரிய லொறி
என் மூக்கு நுனியைக் கழுவிக்கொண்டு போனது.
பின்சீட்டில்
யாரோ ஒரு வியட்நாம்காரியின் சூப்
ஒரு சொட்டும் சிந்தாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அறைக்கு வர, மரியநேசன்
போர்வைக்குள்ளிருந்து கேட்டான்:
"எவ்வளவு காட்டுது?"

"ஆறு தசம் நாலு."

அவன் சிரித்து முடியும் வரைக்கும்
சப்பாத்துக் கயிறை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
சூப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.