டோக்கன் ஆபீஸ் பெஞ்சு

முதல் புத்தகத்தை நான் வைக்கவில்லை, மறந்தேன்.
மண்டபம் பஸ் நிறுத்தத்தில், சிமெண்டுப் பலகை ஓரத்தில்,
பாதி படித்த துப்பறியும் நாவல்.
மூன்றாம் நாள் போனால் அங்கேயே இருக்கிறது,
கச்சான் காற்று புரட்டாமலிருக்க
மேலே ஒரு கல்.
நாற்பத்தொன்றாம் பக்கம் காது மடிந்திருந்தது.
நான் பக்கம் மடிக்கிறவன் இல்லை.

எடுக்கப் போன கை நின்றது.
கொலையாளி யாரென்று தெரியாமலே
வேலைக்குப் போனேன்.

படகுகளுக்கு டீசல் பில் போடும் வேலை.
லிட்டர், தொகை, படகு எண், கையெழுத்து.
கையெழுத்தென்றால் பெரும்பாலும்
ஓர் அவசரக் கோடு.
அந்தக் கோடு போடுகிறவர்களில் ஒருத்தன்
நாற்பத்தொன்று வரை வந்திருக்கிறான் என்ற நினைப்பில்
அன்றைக்கு இரண்டு பில் தப்பு.

பிறகு வேண்டுமென்றே வைத்தேன்.
ஏலக்கூடத்துத் தூணடியில் வைத்தது
மத்தியானத்துக்குள் ஊறிப் பருத்தது.
பாம்பன் பஸ்ஸில் விட்டதை
கண்டக்டர் ஓடிவந்து கொடுத்தார், "சார், உங்க புஸ்தகம்."
இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.
டீக்கடையில் ஜோதிடம் அரை மணியில் போனது,
பல்வலி வைத்தியமும்.
கவிதைத் தொகுப்பு எட்டு நாள் கிடந்து
வறுகடலைப் பொட்டலமாக என் கைக்கே வந்தது.
மூன்று வரி மிச்சமிருந்தன.
கடலையும் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் பாலித்தீன் உறை, ரப்பர் வளையம்,
உள்ளே ஒரு துண்டுச்சீட்டு:
யாரும் எடுக்கலாம். முடித்தால் எங்காவது வையுங்கள்.

ஒரு சனிக்கிழமை
டோக்கன் ஆபீஸ் பெஞ்சில்
பனியும் குதிரைகளுமாக நீளும்
தடித்த மொழிபெயர்ப்பு நாவல்.
யார் எடுக்கிறார்களென்று பார்க்கக் கூடாது,
அது நானே போட்ட விதி.
பார்த்துவிட்டேன்.
நம்புவேல், சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டு
வடக்குக் கடலுக்குப் போனான்.

ஞாயிறு காலை செய்தி.
கச்சத்தீவுக்கு அப்பால் இரண்டு படகு, பதினோரு பேர்.
ஊர் வேலைநிறுத்தம், பங்க்குக்குப் பூட்டு,
முனீஸ்வரி கைக்குழந்தையோடு கலெக்டர் ஆபீஸ் வெயிலில்.
பில் புத்தகத்தில் அவன் கோடு.
ஆளுக்கு வருந்தினேன், படகுக்கு வருந்தினேன்.
புத்தகத்துக்கும் என்று
அப்போது யாரிடம் சொல்வது?

ஐம்பத்திரண்டு நாள்.
ஆட்கள் வந்தார்கள், விமானத்தில், சென்னை வழியாக, தாடியோடு.
படகு வரவில்லை. வராது.
புத்தகம் வந்தது.

அட்டை இல்லை. முதுகை
வலைநூலால் தைத்திருந்தார்கள்.
ஓரங்களில் நாளெண்ணும் பென்சில் கோடுகள்,
'இதுவரை ஜெரோமியாஸ்',
'குதிரை செத்திருக்க வேண்டாம்',
ஓர் இலக்கம் குறைந்த போன் நம்பர்.
முந்நூற்றுப் பன்னிரண்டில்
வட்ட வட்டமாக வேறு எழுத்து,
நீல மையில் இரண்டு வரி.

"ஜெயில் வார்டரு எழுதுனது."
"அவருக்குத் தமிழ் தெரியுமா?"
"தெரியாது. நைட் டூட்டியில வாங்கிப் பொரட்டுவாரு.
படம் இருக்கான்னு."
"என்ன எழுதியிருக்காரு?"
"கேக்கல."

அகதி முகாமில் சிங்களம் வாசிக்கிறவர்கள் உண்டு,
கால் மணி நடந்தால் போதும்.
இரண்டு வாரமாக நடக்கவில்லை.
டூட்டி நேரமாக இருக்கலாம், சோற்றுக் கணக்காக இருக்கலாம்,
குதிரையைப் பற்றியே இருக்கலாம்.
கேட்டு வாங்கினால் எனக்கு வந்த கடிதமாகிவிடும்.
எனக்கு எழுதியதில்லை அது.

இன்றைக்குப் புது உறை, புது வளையம்.
முகாம் வாசல் நிறுத்தத்துப் பலகையில் வைத்தேன்.
மேலே வைக்க ஒரு கல்லைத்
தேடிக்கொண்டிருக்கையில்
பஸ் வந்துவிட்டது.