கூடுதல் காட்சிகள்

கூரியர்காரர் கையெழுத்து வாங்கிப் போன பிறகுதான்
எங்களிடம் பிளேயர் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.
கார்த்திகை வெள்ளத்தில்
ஊறி, காய்ந்து,
எடைக்குப் போய் ஏழு வருடம்.

சவரிராயன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பனிமலை. உடைந்த விமானம்.
அப்பா, அம்மா, அண்ணன், தங்கை,
மூன்று கால் நாய்.
நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு,
இதுவரை வெளிவராத காட்சிகளுடன்.
மஞ்சக்குப்பம் கொட்டகையில்
ஒரே வாரத்தில் நாலு தடவை பார்த்தாராம்,
வீட்டு சைக்கிள் பம்பை விற்று.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு
முத்தியால்பேட்டைக்கு பஸ் ஏறினோம்.
கல்யாண வீடியோ எடுக்கும் அந்துவானிடம்
ஒரு பிளேயர் இன்னும் உயிரோடிருக்கிறது.
ஆல்பங்களை ஒதுக்கி உட்காரவைத்தான்.
அதன் தலையில் ஒரு தட்டு தட்டினான். ஓடியது.

அப்பா விமான இறக்கையை அறுத்துப் படகாக்கினார்.
கரடி முகத்தில் கொள்ளிக்கட்டையை நீட்டினார்.
அம்மாவின் தலைமுடி ஒருநாளும் சிக்காகவில்லை.
"இவங்கல்லாம் எங்க ஒண்ணுக்குப் போவாங்க?"
என்றாள் ஜெனோவா.
விளையாட்டுக்குக் கேட்கவில்லை.
ஆறு வயதில் அவளும் எங்களோடு
குண்டு உப்பலவாடி மொட்டைமாடியில்
மூன்று நாளும்
இருட்டட்டும் என்று காத்திருந்தவள்.

படத்தில் நாலு பேருக்கு ஒரு மலைத்தொடரே இருந்தது.
நாங்கள் பத்தொன்பது பேர்,
தண்ணீர்த் தொட்டியின் ஒரு பக்கத்து நிழல்.
சுவர்த் தகராறில் பேச்சை விட்ட பத்மாசினி
அடுப்பைத் தலையில் வைத்து ஏறி வந்தாள்.
அடுப்பு அவளுடையது, சிலிண்டர் எங்களுடையது,
பேசித்தான் ஆகவேண்டியிருந்தது.
வாழைமரம் வெட்டித் தெப்பம் கட்டியது
எந்த அப்பாவும் இல்லை,
பதினொன்றில் பெயிலான திருமேனி.
பால் பாக்கெட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு
நீந்தாத குறையாக வந்து சேர்ந்தான்.

சவரிராயன் அப்போது நெய்வேலியில், கிரேனில்.
குறிஞ்சிப்பாடியில் சாலை அறுந்து கிடந்தது.
நாலாம் நாள் வந்தார்.
இடுப்புவரை சேறு, கையில் ஒரு பிரெட் பாக்கெட்.
தண்ணீர் வடிந்திருந்தது.
நாங்கள் பாய் அலசிக்கொண்டிருந்தோம்.

கரடிக் காட்சியில்
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

படம் முடிந்தும் அவர் எழவில்லை.
"அந்தக் கூடுதல் காட்சியைப் போடுப்பா."
ஒன்றில் நாய்
திரும்பத் திரும்பத் தப்பான பக்கம் ஓடியது, சிரித்தோம்.
அடுத்ததில் சத்தமே இல்லை.
அந்துவான் ஒயரைப் பிடுங்கிச் செருகினான்,
இன்னொரு தட்டு தட்டினான்.
ஒலிநாடா கிடைக்கவில்லை என்று
கீழே எழுத்து ஓடியது.

பனியில் முதுகைக் காட்டி
அப்பா உட்கார்ந்திருக்கிறார்.
விறகு பொறுக்கவில்லை. கரடியும் வரவில்லை.
கூடாரத்திலிருந்து அம்மா எதையோ கேட்கிறாள்,
வாய் மட்டும் அசைகிறது.
அவர் திரும்பவில்லை.
இரண்டரை நிமிடம் அவ்வளவுதான்.
ஏன் வெட்டினார்கள் என்று எங்களுக்கே தெரிந்தது.

"இன்னொரு தரம்" என்றார் சவரிராயன்.
பிறகு இன்னொரு தரம்.
அந்துவான் டீ வாங்கப் போனான்.

திரும்பும்போது அரியாங்குப்பம் பாலத்தில்,
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி,
"அந்த பிரெட்டை என்ன பண்ணீங்க?"
ஏழு வருடத்தில் முதல் தடவை.
"பிச்சுக் கொடுத்தோம் எல்லாருக்கும்.
நீங்களும் ரெண்டு துண்டு தின்னீங்க,
நின்னுகிட்டே."
"நானா?"
"ஜாம் இல்லாம" என்றாள் ஜெனோவா
கண்ணைத் திறக்காமலே.

தவளக்குப்பத்தில் அட்டையைத் திறந்து பார்த்தேன்.
காலி.
டிஸ்க் அந்துவானின் பிளேயருக்குள்ளேயே.
மூடி அவரிடம் நீட்டினேன், சொல்லவில்லை.
மடியில் வைத்து
மூன்று கால் நாயின் மேலிருந்த
டீக் கறையைக் கட்டைவிரலால்
தேய்த்துக்கொண்டே வந்தார்
பெண்ணையாறு வரைக்கும்.