ஜீரோ கேட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர்

எர்ணாவூர் பங்க் ஓரம் பழைய மாருதி வேன்.
அதற்குள் எனக்கு வேலை:
வண்டிகளின் மூச்சை முகர்ந்து பார்த்து
ஆறு மாதத்துக்குப் பரவாயில்லை என்று அச்சடித்துத் தருவது.

ஏகாம்பரம் டிரெய்லரை வரிசையில் விட்டுவிட்டு வந்தார்.
முந்தாநாள் சாயங்காலம் சேர்ந்த வரிசை.
நாற்பதடிப் பெட்டி, சீல் வைத்தது,
உள்ளே என்ன என்பது சீலுக்குத்தான் தெரியும்.

"பிலோமி, ஆகாசம் எம்மாந்தூரம் கீது?"
"நிலாவா?"
"அது இல்லம்மே. காத்து தீந்து
காலியா பூடுதே, அந்த எடம்."

நூறு கிலோமீட்டர் என்றேன். போனில் படித்ததுதான்.
அவர் சிரிக்கவில்லை. விரல் மடக்கினார்.
"அப்போ வேலூருக்கு இப்பாலயே.
ரோடு மட்டும் நட்டுக்குத்தலா போட்டுக் குடுத்தா
காலைல டீ அடிச்சிட்டு ஏறி
நாஷ்டாவுக்குள்ள லோட எறக்கிடுவேன்."

ரோடு இருக்கட்டும்.
உங்க இன்ஜின் டீசலை மட்டுமா குடிக்குது,
காத்தையும் சேத்துல்ல குடிக்குது,
பத்து கிலோமீட்டர் ஏறினாலே இருமி நின்னுடும், என்றேன்.

"ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கிக்கலாம்.
கேஸ் கட்டிங் சாமுவேலாண்ட வாடகைக்குக் கீது."

டயர் எதைப் பிடித்து உருளும்?
உதைக்க ஒன்றுமே இல்லாத இடம் அது.

"ராக்கெட் மட்டும் எத்த உதைக்குதாம்?"

தன் வயித்துல இருக்கறத பின்னால துப்புது,
துப்பின வேகத்துல முன்னால போவுது.

கொஞ்ச நேரம் தன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"லோட வீசி வீசித்தான் போவணும்ன்ற.
போய்ச் சேரும்போது லோடு இல்லன்னா
வாடக எவன் குடுப்பான்?"

மேலே போவதும் பெரிதில்லையாம்,
விழாமல் நிற்பதுதானாம் பெரிது:
நொடிக்கு எட்டு கிலோமீட்டர், குறுக்காக, ஓயாமல்.
இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.
"எட்டா" என்றார்.
"ரெண்டு நாளா நான் மூணு ஓட்டிக்கிறேன்."

குழாயைச் சொருகினேன். கிளீனர் பையன் ஆக்சிலேட்டரை மிதித்தான்.
எண் ஏறியது, இறங்கியது, ஏறி நின்றது.
மிதிக்கச் சொன்னேன், இன்னொரு முறை.
பதில் இல்லை. பையன் பெட்டியின் உச்சியில் இருந்தான்.

அத்திப்பட்டுப் புகைபோக்கிகளுக்கும் வடக்கே
ஒரு கோடு எழும்பிக்கொண்டிருந்தது.
சத்தமே இல்லாமல்.
சுண்ணாம்பு தொட்ட விரலை
யாரோ வானத்தில் துடைப்பதுபோல்,
மெல்ல வளைந்து, கடல் பக்கம் சாய்ந்து.
மீன் லோடு ஆட்டோ நின்றது. பெட்ரோல் அடிப்பவள்
குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.
அவ்வளவு புகை. அதற்கு யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

பின்னாலிருந்து ஹாரன்.
"யோவ், வரிசை நவுருது, வண்டிய எடுய்யா!"
வானத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஏகாம்பரம் ஓடினார்.
ஏறினார், கியர் போட்டார்,
இரண்டு வண்டி நீளம் போனார்,
நின்றார்.

அப்போதுதான் சத்தம் வந்து சேர்ந்தது,
காதுக்கு முன்னால் காலுக்கு.
வேன் கதவு லேசாக அதிர்ந்தது.
எந்த வண்டியின் சத்தமோ அந்த வண்டி
அதற்குள் காற்றைத் தாண்டிப் போயிருக்கும்.

நான் நடந்து போய் ஜன்னலில் தாளைக் கொடுத்தேன்.
எண்பது ரூபாய். சில்லறை இல்லை, நூறாக வைத்துக்கொள் என்றார்.
"அங்க இன்ஜினே ஓடாதில்ல,
அப்போ உன் மிசின் இன்னா காட்டும்?"

ஜீரோ.

"பாஸா?"

பாஸ்தான் என்றேன்.

திரும்பி வந்து கருவியை அடுத்த வண்டிக்குத் தயார் செய்தேன்.
ஒவ்வொரு முறையும் அது வெளிக்காற்றை இழுத்து
இதுதான் சுத்தம், இதுதான் பூஜ்யம் என்று
தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்.
மணலியிலிருந்து மேல்காற்று.
அமோனியா, கரி, ஏதோ ஒரு புளிப்பு.
கருவி இழுத்தது.
பூஜ்யம் என்றது.