வந்தால் மலை

ருஷானியாவின் சீப்பு
தினமும் காலையில் கணக்குக் கேட்கிறது.
குளியல்தொட்டியின் வெள்ளையில்
கறுப்பாகக் கிறுக்கி வைப்பதை எல்லாம்
விரலில் சுற்றி உருட்டி
குப்பையில் போட்டு மூடுகிறாள்,
ஃபானிஸ் பல் தேய்க்க வருவதற்குள்.

மாக்னிதகோர்ஸ்க். பிப்ரவரி.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
வெளியே மூச்சு உறைகிறது.
வீட்டுக்குள் ரேடியேட்டர்
காலை வாங்கிய ரொட்டியை
மதியத்துக்குள் வற்றலாக்கிவிடுகிறது,
முடி எம்மாத்திரம்.
அதன் மேல் ஹெல்மெட் வேறு,
கிரேன் அறையில் பன்னிரண்டு மணி நேரம்.

முதலில் கெஃபிர்.
உடம்புச் சூட்டுக்குக் காய்ச்சித் தலையில் ஊற்றி
பிளாஸ்டிக் பை மாட்டி, கம்பளித் துண்டு கட்டி
உட்கார்ந்தாள்.
பிடரி வழியே இறங்கியதைப் பூனை நக்கியது.
பூனைக்கு இப்போது ரோமம் பளபளக்கிறது.

அடுத்தது கறுப்பு ரொட்டி.
இரவு முழுக்க வெந்நீரில் ஊறவை,
மேலோட்டை நீக்கு
என்றாள் மருந்துக்கடை லில்யா.
மேலோட்டை ஏன் வீணாக்க வேண்டும்?
மூன்று நாள் உதிர்ந்தது துணுக்கு,
தலையணையில், டிராம் இருக்கையில்.
டிராம் நிறுத்தத்தில் ஒரு சிட்டுக்குருவி
அவளையே பார்த்தது.

ஒட்டுமுள் வேரின் எண்ணெய்,
செந்தட்டிக் கஷாயம்,
குழாயின் கடின நீரை ஏமாற்றக் கொஞ்சம் வினிகர்.

பிறகு வெங்காயம்.
உடை மாற்றும் அறையில்
ஃபோர்மன் கெனாதி பாவ்லொவிச் மூக்கை உறிஞ்சி
"யாரம்மா சூப் கொண்டுவந்தது?" என்றார்.
எல்லோரும் அவரவர் பையைப் பார்த்தார்கள்.
அவளும் பார்த்தாள்.

கடுகும் மஞ்சள் கருவும் சர்க்கரையும் தடவிய அன்று
தங்கை தொலைபேசியில் வந்தாள்.
பத்து நிமிடம் இருபதானது.
உச்சந்தலையில் ஓர் உலை திறந்தது.
உலைகளை இருபது வருடமாக
மேலிருந்து மட்டுமே பார்த்தவள் அவள்.

மயிரைக் கட்டி மலையை இழு என்பார்கள்,
வந்தால் மலை, போனால் மயிர்.
இந்த ஊரிலோ
மலையை ஏற்கெனவே வெட்டி உருக்கியாயிற்று,
தண்டவாளமாய், தகடாய் அது எங்கெங்கோ போயிற்று.
மீதமிருப்பது மயிர்தான்.
அதுவும்...

மார்ச்சில் கவனித்தாள்,
வெங்காயம் கணக்குக்கு மேல் கரைகிறது.

மின்தடையால் ஷிஃப்ட் பாதியில் நின்ற ஒரு நாள்
குளியலறைக் கதவைத் திறந்தாள்.
தொட்டி விளிம்பில் ஃபானிஸ்.
தலையில் அவளுடைய பிளாஸ்டிக் பை.
கண்ணிலிருந்து தாரை தாரையாய் நீர்,
கையில் அலாரக் கடிகாரம்.
பதினோரு வருட வழுக்கை.
ஒரு வார்த்தை பேசியதில்லை அதைப் பற்றி,
தொப்பிகள்தான் வாங்கினான்.

அலமாரிக் கதவுக்கு உள்பக்கம்
அவள் ஒட்டியிருந்த சீட்டை நீட்டினான்.
"அரை மணியா, முக்கால் மணியா?
உன் கையெழுத்து புரியவில்லை."

அவள் சிரிக்கவில்லை.
சரி, கொஞ்சம் சிரித்தாள்.
பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.
கிண்ணத்தில் மிஞ்சியதை எடுத்து
இரும்புருளை பிடித்துக் காய்த்த விரலால்
வகிடு வகிடாய்ப் பிரித்துத் தடவினான்.
இவ்வளவுதானா என்று அவன் கேட்கவில்லை.
வகிடு இவ்வளவு அகலமா என்றும்.

கிரேனின் இரும்புக் கயிற்றைப் பரிசோதிக்க
மாதம் ஒருமுறை ஓர் ஆள் வருவான்.
கந்தல் துணியால் உருவி
அறுந்த இழைகளை எண்ணுவான்.
இத்தனைக்கு மேல் போனால்
கயிற்றையே மாற்ற வேண்டும், அது விதி.
அதுவரை அதே கயிறு
எண்பது டன் கொதிகுழம்பைத் தூக்கும்.

முடி வளர்ந்ததா என்று கேட்டால்
சீப்பு இன்னும் கணக்குக் கேட்கிறது என்பாள்.
எண்ணெய் வைத்த நாளில் உடைவது குறைவு, அவ்வளவுதான்.
வெங்காயத்தை விட்டுவிட்டார்கள்.
ஞாயிறு மாலை கெஃபிர் மட்டும், இருவருக்கும்,
பூனைக்குத் தனித் தட்டு.

இன்று ஷிஃப்ட் முடிந்து
கம்பளித் தொப்பியை உருவியதும்
படபடவென்று பொறி பறந்தது.
எஞ்சிய முடி அத்தனையும்
பள்ளியில் பெயர் கூப்பிட்டது போல
எழுந்து நின்றது.