பெயர் அழிந்த கிழங்குகள்

நேற்றிரவு முதல் உறைபனி.
இரவுப் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
வீட்டுக்குள் நுழையாமல்
சீருடையோடே தோட்டத்துக்கு வந்தேன்.
டேலியாக்கள் கறுத்துத் தொங்குகின்றன,
யாரோ கொதிநீர் ஊற்றியதுபோல.
நேற்று மாலைவரை அந்த ஊதாப்பூ
தன்னைத் தவிர இந்த ஊரில் எதுவும்
பூத்ததே இல்லை என்று நின்றது.

வருத்தமெல்லாம் இல்லை.
இதற்குத்தான் காத்திருந்தேன்.
இலை செத்தால்தான் கிழங்கு தூங்கப்போகும்.
தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி
மண்வெட்டியைத் தள்ளிக் குத்தி
மெல்ல நெம்பினேன்.
அவசரப்பட்டால் கழுத்து ஒடியும்.
உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண்.
டேலியாவுக்குக் கழுத்தில் மட்டும்.

(எங்கள் பேட்டையில் தெருக்களுக்கே
அவரை, பட்டாணி, உருளைக்கிழங்கு என்றுதான் பெயர்.
தார்த்துவுக்கு வரும் வெளியூர்க்காரர்கள்
பெயர்ப்பலகையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.
எங்கள் வாசல்களில் பெட்டி பெட்டியாக ஆப்பிள்,
'இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்.'
யாரும் எடுப்பதில்லை.
எல்லோரிடமும் இருப்பதை
எல்லோரும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.)

பதினோரு கிழங்குக் கொத்துகள்,
பதினோரு பெயர்க்குச்சிகள்.
அழியாத மை என்று
கடைக்காரர் சத்தியம் செய்து விற்ற பேனா.
ஜூலை மழை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்
துடைத்துவிட்டுப் போயிருக்கிறது.
எது ஊதா, எது மஞ்சள்?
ஈர மண்ணில் எல்லாம் ஒரே நிறம்,
ஒன்றையொன்று கட்டிப்பிடித்த
பழுப்பு விரல்கள்.

வேலிக்கு அப்பால் ஊர்மாஸ் இலை வாருகிறார்.
ஆகஸ்டிலிருந்து பேச்சில்லை.
மரம் அவருடையது, கிளை என் பக்கம்.
விழுந்த பழம் யாருடையது என்று தொடங்கி
அழுகிய பழம் யாருடையது என்று முடிந்தது.
வாரும் சத்தத்திலேயே கோபம் கேட்கிறது.
குவிக்கக் குவிக்கக் காற்று கலைத்து
பாதி இலையை என் பூண்டுப் பாத்தியில் கொட்டுகிறது.
போன வாரம் ஊன்றிய அறுபத்துநான்கு பற்கள்,
கூர்முனை மேலே பார்க்க.
நல்ல மூடாக்கு.
வாயைத் திறக்கவில்லை நான்.

வாரும் சத்தம் நின்றது.
"அது வெள்ளை" என்றது ஒரு குரல்.

நிமிர்ந்தேன்.
"வேலியிலிருந்து மூன்றாவது.
வெள்ளை, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு.
என் சமையலறை ஜன்னலுக்கு நேரே நின்றது, ஹெல்வே.
அதற்கடுத்தது மஞ்சள்.
அந்தப் பெரியது, உள்ளங்கை அகலம்,
அதன் நிறத்துக்கு என்னிடம் வார்த்தை இல்லை.
சால்மன் மீனை வெட்டினால் தெரியுமே, அது."

நான் குச்சியைத் துடைத்துத் துடைத்து
பென்சிலால் எழுதினேன்.
கோடை முழுக்க என்னைப் பார்க்காத மனிதர்
என் பூக்களை
வரிசை தவறாமல் பார்த்திருக்கிறார்.

பத்து ஆயிற்று.
பதினொன்றாவது அவருக்கும் தெரியவில்லை.
மொட்டு விட்டு, மொட்டாகவே
நேற்றிரவு கறுத்தது.
தன் நிறத்தை யாருக்கும் சொல்லாமல்
மண்ணுக்குள் திரும்பிய ஒன்று.

கத்தியைக் காற்சட்டையில் துடைத்தேன்.
ஆளுக்கொரு கண்ணாவது இருக்கும்படி
நடுவில் பிளந்து,
வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் பூசி,
அவர் பங்கை வேலிக்கு மேலாக நீட்டினேன்.
பிறந்த பூனைக்குட்டியை வாங்குவதுபோல
இரண்டு கையாலும் வாங்கினார்.
"காய்ந்த மணலில் வையுங்கள். நனையக் கூடாது."
"தெரியும்" என்றார்.
தெரியாது என்று அவர் முகம் சொன்னது.

ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி
இன்னும் விலகவில்லை.
கிழங்குகளை நிலவறைக்குத் தூக்கிப்போகும்போது
என் பின்னால்,
என் பக்கத்தில்,
தொப்பென்று ஒரு பழம்.

இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.